சீனாவுக்கு ரப்பர்: 1951 பிரிட்டிஷ் கட்சிப் பூசலும் மலாயாத் தோட்டங்களும் – ஒரு நிகழ்வு ஆய்வு

1951 மே 10ஆம் நாள் லண்டன் மக்களவையில் பிரிட்டிஷ் வணிக வாரியத் தலைவர் (வணிக அமைச்சர்) சர் ஹார்ட்லி ஷாக்ராஸ் எழுந்து, மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அந்த ஆண்டு முடியும்வரை சீனாவுக்கு இனி ரப்பர் போகாது என்று அறிவித்தார். சீனாவின் குடிமக்கள் தேவைக்குப் போதும் என்று அரசாங்கம் கணித்து வைத்திருந்த ஓராண்டு அளவு அதற்குள்ளாகவே போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அதற்கு முன்பிருந்தே எதிர்க்கட்சித் தலைவர் வின்ஸ்டன் சர்ச்சிலும் அவருடைய பழமைவாதக் கட்சியினரும் இதே பொருளில் தொழிற்கட்சி அரசாங்கத்தைக் கேள்விமேல் கேள்வி கேட்டு நெருக்கி வந்தனர். பகை நாடு ஒன்றின்மீது பொருளாதாரத் தடை விதிப்பதில் கட்சிகள் மோதிக்கொள்வது இன்று ரஷ்யா, ஈரான், சீனா என்று வாஷிங்டனில் ஓயாமல் நடக்கும் காரியம். ஆனால் அத்தகைய மோதல் ஒன்றில் விவாதப் பொருளாக இருந்த சரக்கு மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் வெட்டி எடுத்த ரப்பர் பால் என்பதைச் சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களிலேயே பலர் அறிந்திருக்கவில்லை. இந்த நிகழ்வை முழுமையாக எழுதி வைக்க முனைந்ததற்கு அதுவே காரணம்.

சுங்கை சிப்புட், மலேசியாவின் பேராக் மாநிலத்தின் கோலகங்சார் மாவட்டத்தில், ஈப்போவுக்கு வடக்கே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த தோட்டப்புறப் பட்டணம். 1877இல் மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட கோலகங்சார் இங்கிருந்து எட்டிவிடும் தூரம்தான். 1948 ஜூன் 16ஆம் நாள் இப்பட்டணத்தைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே, கம்யூனிஸ்டு கெரில்லாக்களை ஒடுக்குவதற்கான அவசரகாலம் பிரகடனமாகி, 1960 ஜூலை இறுதிவரை நீடித்தது. இன்று சுற்றுப்புறத்தில் பெரும்பகுதி செம்பனைதான், பால்மரம் ஒதுங்கிவிட்டது. ஆயினும் 1951இல் மலாயாவின் வாழ்வும் தாழ்வும் ரப்பரின் விலையில் இருந்தன.

அந்த விலையை முதலில் பார்க்க வேண்டும். 1949இல் ஒரு ராத்தலுக்கு (பவுண்டு எடைக்கு) சராசரியாக 38 காசு அளவில் கிடந்த ரப்பர், 1950 ஜூன் 25ஆம் நாள் கொரியப் போர் மூண்டதும் கிடுகிடுவென ஏறி, 1951இன் தொடக்கத்தில் 2 வெள்ளியை, அதாவது 200 காசைத் தாண்டியது. அவ்வாண்டின் சராசரியே ஏறத்தாழ 170 காசு. டயர், காலணி, கம்பியுறை என்று போருக்கு வேண்டிய ஏராளமான பொருள்களுக்கு ரப்பர் வேண்டியிருந்ததால் அமெரிக்கா இருப்புச் சேர்த்தது. சோவியத் யூனியன் வாங்கியது. சீனாவும் முன்னெப்போதையும்விட அதிகமாக வாங்கியது. ரப்பரையும் ஈயத்தையும் அமெரிக்காவுக்கு விற்று மலாயா ஈட்டிய டாலர், போருக்குப் பின் கடனில் மூழ்கியிருந்த பிரிட்டனின் ஸ்டெர்லிங் வட்டாரத்தை (பவுண்டு நாணயத்தைச் சார்ந்திருந்த நாடுகளின் குழுவை) தாங்கிப் பிடித்தது. மலாயா அரசாங்கம் ரப்பர் ஏற்றுமதி வரியை உயர்த்தி, அந்த வருமானத்தில் அவசரகாலச் செலவின் பெரும்பகுதியைச் சமாளித்தது. கம்யூனிஸ்டுகளோடு காட்டில் போரிட்ட அரசாங்கத்துக்குக் கம்யூனிஸ்டுச் சீனா உள்ளிட்ட வாங்குவோர் ஏற்றிவிட்ட விலையே காசு கொடுத்தது என்பதை இந்த ஆய்வு முழுவதிலும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 

தோட்டத்துக்குள் இந்த முரண் இன்னும் கூர்மையாக இருந்தது. கெரில்லா ஒழிப்புக்குப் பொறுப்பேற்ற பிரிட்டிஷ் தளபதி பிரிக்ஸின் திட்டப்படி 1950 முதல் சிதறிக் கிடந்த லயங்கள் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்) ஓரிடத்தில் குவிக்கப்பட்டு, சுற்றிலும் முள்வேலி போடப்பட்டது. காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாது என்பதற்காக வேலிவாயிலில் சோதனை நடந்தது. கெரில்லாக்களோ தோட்ட முதலாளிகளை முடக்குவதற்காக மரப்பட்டைகளை வெட்டிச் சிதைத்தார்கள்; வெட்டப்பட்ட மரம் ஆறும்வரை பால் குறைந்ததால் அடி விழுந்தது அந்த நிரையில் (மரவரிசையில்) வேலை செய்தவருக்கு. விடியுமுன் பெரட்டில் (ஆள் கணக்கெடுக்கும் வரிசையில்) நின்று, உளியோடு நிரைக்குப் போய், மங்குகளில் சேர்ந்த பாலைக் காண்டா வாளிகளில் ஊற்றி, தோள் காய்க்கச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும், தோட்டக் கணக்கரான கிராணி அதில் மீட்டரை மிதக்கவிட்டுத் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று பார்த்துக் கணக்கில் ஏற்றுவார். பின்பு அது அமிலம் விட்டு உறைந்து, உருளையில் நசுங்கி, புகையறையில் நாள்கணக்கில் தொங்கி, தேன் நிறத் தாளாகிப் பொதி கட்டப்பட்டு ரயிலேறும். அந்தப் பொதி நியூயார்க் போகிறதா, லிவர்பூல் போகிறதா, சீனா போகிறதா என்பது அதைச் சுமந்தவருக்குத் தெரியாது. எந்தக் கம்யூனிஸ்டுக்கு ஒரு பிடி அரிசி போகக்கூடாது என்று அவருடைய சோற்றுத் தூக்கைத் திறந்து பார்த்தார்களோ, அந்தக் கம்யூனிஸ்டின் தோழமை நாட்டுக்கு அவர் எடுத்த பால் கப்பலில் சட்டப்படியே போய்க்கொண்டிருந்தது. பழமைவாதக் கட்சியின் வாதத்தில் உண்மையான வலு இருந்தது என்றால் அது இந்த இடத்தில்தான்.

இனி லண்டன். 1950 பிப்ரவரித் தேர்தலில் தொழிற்கட்சி மிகச் சிறிய பெரும்பான்மையோடு தப்பிப் பிழைத்திருந்தது. 1951 ஏப்ரலில் இலவச மருத்துவச் சேவையில் பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிகளுக்கும் கட்டணம் விதிக்கும் வரவுசெலவுத் திட்டத்தை எதிர்த்துத் தொழிற்கட்சி அமைச்சர் அனூரின் பெவான் பதவி விலகினார். அவரோடு வணிக வாரியத் தலைவர் ஹெரால்ட் வில்சனும் விலகினார். வில்சன் விட்டுச் சென்ற நாற்காலியில் ஷாக்ராஸ் உட்கார்ந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில்தான் ரப்பர் விவகாரம் அவர் தலையில் விழுந்தது. ஏப்ரல் 22 முதல் 25 வரை கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படைகளின் தாக்குதலில் பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு சுற்றிவளைக்கப்பட்டு, பெரும்பாலோர் மாண்டோ சிறைப்பட்டோ போயினர். அச்செய்தி ஆறுமுன்பே, அமெரிக்க அதிபர் ட்ரூமன் பதவிநீக்கிய தளபதி மெக்கார்தர், அமெரிக்க மேலவைக் குழுக்களின் விசாரணையில் ஹாங்காங் வழியாகச் சீனாவுக்குப் போகும் போர்முக்கியத்துவச் சரக்குகளின் பட்டியலை வைத்தார். தம் பிள்ளைகளைச் சுடுகிறவனுக்குத் தாமே டயர் கொடுக்கிறோமா என்று பிரிட்டிஷ் மக்கள் கேட்கத் தொடங்கிய நேரம் அது. எதிர்க்கட்சி அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு மன்றத்துக்குள் வந்தது.

பழமைவாதிகளின் வாதத்தை அதன் நியாயத்தோடு எடுத்துச் சொல்ல வேண்டும். 1951 பிப்ரவரி 1ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபை சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று அறிவித்திருந்தது. அந்தச் சபையின் தீர்மானத்தை ஆதரித்த நாடு, அதே ஆக்கிரமிப்பாளருக்குப் போரில் நேரடியாகப் பயன்படும் பொருளை விற்பது தகாது. குடிமக்கள் தேவை, படைத்தேவை என்று ரப்பரைப் பிரித்துவிட முடியாது; சைக்கிள் டயருக்கென்று போன ரப்பர் படை லாரிக்குப் போகாது என்று உறுதிகூற ஒருவரும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அமெரிக்கா கொரியாவில் மிகப் பெரிய சுமையைத் தாங்கும்போது, நேச நாடு ஒன்று லாபம் பார்க்கிறது என்ற பேச்சு எழுந்தால் கூட்டணியே கெடும். இவை வெறும் கட்சிக்கூச்சல் அல்ல. ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் வாதம்.

தொழிற்கட்சியின் வாதமும் அவ்வாறே. பிரிட்டன் 1950 ஜனவரி 6ஆம் நாளே மக்கள் சீனக் குடியரசை அங்கீகரித்திருந்தது. கொரியப் போரைச் சீனாவோடு நேரடிப் போராக விரிக்கக் கூடாது என்பது பிரதமர் அட்லியின் அரசாங்கத்தின் உறுதியான எண்ணம். ஹாங்காங் சீனாவின் வாசற்படியில் இருந்தது. உணவுக்கும் தொழிலுக்கும் சீனாவை நம்பி வாழ்ந்த அந்தத் துறைமுகம், வணிகம் முற்றாக நின்றால் திணறிப்போகும். ஆயுதமும் வெடிமருந்தும் ஏற்கெனவே தடுக்கப்பட்டிருந்தன. எல்லா வாசலையும் அடைத்துவிட்டால் பீக்கிங்குக்கு (இன்றைய பெய்ஜிங்) மாஸ்கோவைத் தவிர வேறு போக்கிடம் இராது என்று அரசாங்கத்தார் அஞ்சினர். அடுத்த சில ஆண்டுகளில் நடந்தவற்றைப் பார்க்கும்போது அந்த அச்சம் வீணானதல்ல என்பேன். தொழிற்கட்சிக்குள்ளும் ஒருமித்த கருத்து இல்லை; பெவான் அணியினர் அமெரிக்காவின் வாலைப் பிடித்துப் போவதையே எதிர்த்தனர், மற்றவர்கள் அமெரிக்க உதவி கைவிட்டுப் போகுமே என்று கவலைப்பட்டனர். ஆக, விவாதம் இரு கட்சிகளுக்கு இடையே நடந்தது என்று சொன்னாலும், ஆளும் கட்சிக்கு அது தன் வீட்டுச் சண்டையாகவும் இருந்தது.

இந்தச் சூழலில் ஷாக்ராஸ் தேர்ந்துகொண்ட சொற்களைக் கவனிக்க வேண்டும். கொள்கையை மாற்றுகிறோம் என்று அவர் சொல்லவில்லை.  ஓராண்டு அளவு முடிந்துவிட்டது, ஆகவே நிறுத்துகிறோம் என்றார். சீனாவை அங்கீகரித்த கொள்கை அப்படியே நின்றது; எதிர்க்கட்சி கேட்டதும் நடந்துவிட்டது; அமெரிக்காவுக்கும் பதில் கிடைத்துவிட்டது. அரசியல் திறமை என்ற அளவில் இதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் தடை என்பது ஒரு வெளியுறவு ஆயுதம் என்றால், அதன் நோக்கம் என்ன, எது நடந்தால் அது நீக்கப்படும் என்பதை விதிக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அளவு முடிந்துவிட்டது என்று சொல்லி விதிக்கப்பட்ட தடைக்கு அந்த வரையறை இல்லாமல் போயிற்று. அடுத்த ஆண்டு புதிய அளவு தொடங்கியபோதும் தடை நீங்கவில்லை. அதன்பின் ஐந்தாண்டுகள் அது நின்றதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

எட்டே நாள் கழித்து, மே 18ஆம் நாள், ஐ.நா. பொதுச்சபை தன் 500ஆம் தீர்மானத்தில் சீனாவுக்கும் வடகொரியாவுக்கும் ஆயுதம், பெட்ரோலியம், போக்குவரத்துச் சாதனங்கள், ஆயுத உற்பத்திக்கு உதவும் பொருள்கள் ஆகியவற்றை அனுப்பக் கூடாது என்று பரிந்துரைத்தது. எந்தச் சரக்கு இதில் அடங்கும் என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்துகொள்ளலாம். இந்தியா, இந்தோனேசியா, பர்மா, பாகிஸ்தான் உள்ளிட்ட நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ரப்பர் விளைந்த ஆசிய நாடுகளில் குடியேற்ற ஆட்சியின் கீழ் இருந்த மலாயாவுக்கு அப்படி ஒதுங்கிக்கொள்ளும் வாய்ப்புக்கூட இல்லை. அதன் சார்பில் கையை உயர்த்தியது லண்டன்.

அமெரிக்காவிலும் அதே நேரத்தில் கட்சி மோதல் கொழுந்துவிட்டு எரிந்தது. சீனாவை இழந்தது ட்ரூமனின் ஜனநாயகக் கட்சி என்று குடியரசுக் கட்சியினர் குற்றஞ்சாட்டி வந்த காலம் அது. மிசூரியின் குடியரசுக் கட்சி மேலவை உறுப்பினர் ஜேம்ஸ் கெம், கம்யூனிஸ்டு நாடுகளுக்குப் போர்முக்கியத்துவச் சரக்கு விற்கும் எந்த நாட்டுக்கும் அமெரிக்கப் பொருளாதார உதவி கிடையாது என்ற திருத்தத்தை ஒரு செலவு மசோதாவில் சேர்த்தார். நேச நாடுகளை விரட்டிவிடும் என்று எதிர்த்த ட்ரூமன், மசோதா முழுவதையும் இழக்க மனமில்லாமல் ஜூன் மாதம் கையெழுத்திட்டார். அக்டோபரில் அதன் இடத்தில் அலபாமாவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் லாரி பேட்டில் பெயரால் வழங்கும் சட்டம் வந்தது. தண்டனை அதே தண்டனைதான், ஆனால் விலக்களிக்கும் அதிகாரம் அதிபரின் கையில் இருந்தது. இரு கட்சிகளும் தடை வேண்டுமா வேண்டாமா என்று மோதியதைவிட, அதன் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்றே மோதின. இன்றுவரை அமெரிக்கத் தடைச் சட்டங்களில் இந்த இழுபறி தொடர்கிறது. 2017இல் ரஷ்யா, ஈரான், வடகொரியா மீதான தடைச் சட்டத்தை மேலவை 98க்கு 2 என்ற வாக்கில் நிறைவேற்றி, அதிபர் தாமாகத் தளர்த்த முடியாதபடி கட்டுப்பாடு போட்டதும் இதே வழியில்தான்.

மலாயாவுக்கு இதில் வேறொரு வேதனையும் இருந்தது. சீனாவுக்கு விற்காதே என்று வற்புறுத்திய அதே அமெரிக்கா, 1950 டிசம்பர் இறுதியில் இயற்கை ரப்பர் இறக்குமதி முழுவதையும் ஓர் அரசாங்க நிறுவனத்தின் கையில் ஒப்படைத்து, போட்டியில்லாமல் வாங்கி விலையை இறக்கியது; மூடிக் கிடந்த செயற்கை ரப்பர் ஆலைகளையும் முழு வேகத்தில் ஓட்டியது. ஒரு கதவை மூடச் சொல்பவர் மறு கதவில் நின்று தாம் வைத்ததே விலை என்பாரானால், அதற்கு ஈடாக ஏதேனும் உறுதி தர வேண்டும் என்று கேட்பது நியாயம். தோட்ட உரிமையாளர்களும் மலாயா அதிகாரிகளும் கேட்கத்தான் செய்தார்கள். கட்சி விவாதங்களில் இக்குரல் எடுபடவில்லை.

1951 அக்டோபர் 25 தேர்தலில் பழமைவாதக் கட்சி வென்று சர்ச்சில் பிரதமரானார். எதிர்க்கட்சி வரிசையில் இருந்து முழங்கியவர், அரசாங்க வரிசையில் அமர்ந்ததும் என்ன செய்தார் என்பதே இந்த நிகழ்வில் மிகவும் கவனிக்கத்தக்கது. ரப்பர் தடையை அவர் தொடர்ந்தார். 1953 மார்ச்சில் சீனாவுக்குச் செல்லும் கப்பல்களுக்கு உரிமம் கட்டாயம் என்று இன்னும் இறுக்கினார். ஆனால் சோவியத் யூனியனுக்கு மலாயா ரப்பர் போவதை அவருடைய அரசாங்கமும் நிறுத்தவில்லை. 1954 பிப்ரவரியில் கிழக்கு நாடுகளோடு வணிகத்தைத் தாராளமாக்க வேண்டும் என்று அவரே மக்களவையில் பேசினார். அவ்வாண்டு ஆகஸ்டில் சோவியத் அணிக்கான தடைப்பட்டியல் சுருங்கியது. மறுபுறம், வணிக வாரியத்தை விட்டு விலகிய வில்சன் எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு கிழக்கு–மேற்கு வணிகத்துக்காக வாதாடினார். அமெரிக்காவிலும் 1953இல் குடியரசுக் கட்சியின் ஐசனாவர் பதவியேற்றபின், கட்சியின் முழக்கம் ஒருபுறம் இருக்க, சீனா மீதான வணிகத் தடையால் பெரும் பயன் இல்லை என்று தம் அமைச்சரவைக் கூட்டங்களில் அவரே வாதிட்டார். தடை வேண்டும் என்ற வேகம் கட்சியின் இயல்பில் இருந்து வந்ததைவிட, அக்கட்சி எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தது என்பதிலிருந்தே வந்தது என்று சொல்வதற்கு இவ்வளவு சான்று போதும்.

கட்சிகள் பேசிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, தடையின் பயனை ரப்பரின் போக்கை வைத்தே அளக்க வேண்டும். விடை இலங்கையில் இருக்கிறது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பு நாடு அல்ல; 1955 டிசம்பரில்தான் சேர்ந்தது. ரப்பர் விலை சரிந்து, அரிசி விலை ஏறி, கையிருப்பு கரைந்துகொண்டிருந்த 1952இல், டட்லி சேனநாயக்க அரசாங்கம் சீனாவுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. கம்யூனிஸத்தைக் கடுமையாக எதிர்த்த அரசாங்கம்தான் அது. ஆனால் சோற்றுக்கு வழி வேண்டும். டிசம்பர் 18ஆம் நாள் கையெழுத்தான அந்த உடன்படிக்கையின்படி, ஐந்தாண்டுக் காலத்துக்கு ஆண்டுதோறும் இலங்கை 50,000 டன் ரப்பர் கொடுக்கும், சீனா 2,70,000 டன் அரிசி கொடுக்கும். ரப்பருக்குச் சந்தை விலையைவிட அதிகமும் கிடைத்தது. பேட்டில் சட்டத்தைக் காட்டி அமெரிக்கா இலங்கைக்கு உதவியை மறுத்தது, ஒப்பந்தம் அசையவில்லை. ஆண்டுக்கு 50,000 டன் என்பது இலங்கையின் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி. லண்டனில் இரு கட்சிகளும் தொண்டை வறளப் பேசி மூடிய கதவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதவு இப்படித் திறந்தது. கூடவே, சீனா ஹைனான் தீவிலும் யுன்னான் மாநிலத்தின் தென்கோடியிலும் அரசாங்க ரப்பர் பண்ணைகளை வளர்க்கத் தொடங்கியது. தடை சீனாவின் செலவைக் கூட்டியது உண்மை. சிலகாலம் இடர்ப்படுத்தியதும் உண்மை. ரப்பர் இல்லாமல் ஆக்கியது என்று சொல்ல முடியாது. சீனா போரைவிட்டுப் பேச்சுக்கு வந்தது போர்முனை தேங்கியதால். சமரசப் பேச்சு 1951 ஜூலை 10ஆம் நாளே தொடங்கிவிட்டது.

தோட்டத்தில் நடந்ததை எழுதும்போது இரு மடங்கு கவனம் தேவை. 1951இல் சராசரி 170 காசு அளவில் இருந்த ரப்பர், 1952இல் 96 காசுக்கும் 1953இல் 67 காசுக்கும் இறங்கியது. பால்வெட்டுத் தொழிலாளரின் கூலி ரப்பர் விலையோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் காலாண்டுதோறும் ஏறி இறங்கியதால், விலைச்சரிவு நேராக லயத்து அடுப்புக்கு வந்தது. அக்காலத்தில் சிறுமியாகத் தாயோடு நிரைக்குப் போன பாட்டி ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன். “லண்டன்ல என்ன பேசுனாங்கன்னு எங்களுக்கு யாரு தம்பி சொன்னா? மூணு மாசத்துக்கு ஒரு தடவ பெரட்டுல கிராணி நின்னு, இனிமே இன்ன சம்பளம்னு படிப்பாரு. கொரஞ்சிருச்சின்னு மட்டும் எங்கம்மா சொல்லும். ஏன்னு கேட்டா அதுக்கும் தெரியாது” என்றார்.

அந்தத் தாயால் பதில் சொல்ல முடியாத கேள்விக்கு இன்று விடை சொல்ல முயலும்போது, எல்லாப் பழியையும் சீனத் தடையின்மேல் போடுவது எளிது. ஆனால் அது சரியல்ல. விலையை இறக்கிய முதன்மைக் காரணங்கள் அமெரிக்காவின் இருப்புச் சேர்ப்பு நிறைவை நெருங்கியதும், செயற்கை ரப்பர் பெருகியதும், போர் விரியும் என்ற அச்சம் தணிந்ததும் ஆகும். சீனா மலாயா ரப்பரின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்றாக வளர்ந்துகொண்டிருந்ததே தவிர, சந்தையை ஆட்டிவைக்கும் நிலையில் இருக்கவில்லை. தடையால் மலாயா இழந்தது வேறொன்று: விலை இறங்கும் காலத்தில் போட்டிக்கு ஒரு வாங்குபவர் இருக்கிறார் என்ற பிடிமானம். இலங்கைக்கு அந்தப் பிடிமானம் இருந்தது. 1953இன் மந்தத்தில் அதன் ரப்பர் துறை மலாயாவைவிடத் தாக்குப்பிடித்ததற்கு அதுவே காரணம். ஆனால் அங்கும் ஒரு நெருடல் உண்டு. இலங்கைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்கையும் இழந்திருந்தனர். தடையை மீறிய நாட்டிலும் தடைக்கு உட்பட்ட நாட்டிலும் தோட்டத் தமிழருக்கு அந்த முடிவில் வாக்கு இல்லை.

மலாயாவில் 1951இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றமே கிடையாது; கோலாலம்பூர்ச் சட்டமன்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் நியமனம் பெற்றவர்கள். 1955 ஜூலை 27ஆம் நாள் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, வாக்காளர்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். இந்தியரும் பிறரும் சேர்ந்து 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ரப்பரின் விலையால் வாழ்ந்தும் தாழ்ந்தும் வந்த தோட்டப் பாட்டாளிகளில் மிகப் பலர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். இருந்தும் அந்தத் தேர்தலால் ஒரு மாற்றம் வந்தது. தேர்தலில் வென்று முதலமைச்சரான துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில், சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் தொழிலாளர் அமைச்சராக அமர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1954இல், ஐந்து சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி.பி. நாராயணன் அதன் பொதுச்செயலாளரானார். தடையைப் பற்றிப் பேச உள்ளூரில் ஒரு வாய் உண்டான பிறகுதான், 1956ஆம் ஆண்டின் நடுவில், மலாயாவும் சிங்கப்பூரும் சீனாவுக்கு மீண்டும் ரப்பர் விற்க வழி திறந்தது. லண்டனில் அப்போது ஆண்டது பிரதமர் ஈடனின் பழமைவாதக் கட்சி. 1951இல் முழுத் தடை கேட்ட அதே கட்சி. 1957 மே 30ஆம் நாள், மெக்மில்லன் அரசாங்கத்தின் வெளியுறவு அமைச்சர் செல்வின் லாயிட், சோவியத் யூனியனுக்கு உள்ளதைவிடக் கடுமையான தனிப்பட்டியல் சீனாவுக்கு இனி இல்லை என்று அறிவித்தார். அமெரிக்கா வருந்தியது, ஆனால் தடுக்கவில்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, 1951 மே மாதத்தில் நியாயம் எந்தக் கட்சியின் பக்கம் இருந்தது என்ற கேள்விக்கு என் விடை தெளிவாகவே இருக்கிறது. தம் படைவீரர் போரிடும் வேளையில் எதிரிக்கு ரப்பர் விற்கக் கூடாது என்று பழமைவாதிகள் சொன்னது நெறியளவில் சரி. நானும் அந்த மன்றத்தில் இருந்திருந்தால் அதை எதிர்த்திருக்கமாட்டேன். ஆனால் கொரியாவில் 1953 ஜூலை 27ஆம் நாள் போர்நிறுத்தம் கையெழுத்தான பிறகும் அந்தத் தடையை ஏறத்தாழ மூன்றாண்டுகள் இழுத்தடித்ததற்கு எந்த நெறியும் துணைநிற்கவில்லை. நேச நாட்டின் உள்நாட்டுக் கட்சிச் சண்டைக்கு அஞ்சியே அது இழுக்கப்பட்டது. தடையால் இழப்பவர்களுக்கு ஈடு என்ன என்ற கேள்வியைத் தொழிற்கட்சிதான் எழுப்பியிருக்க வேண்டும். தொழிலாளர் பெயரால் அமைந்த கட்சி அது. பேராக்கிலோ சிலாங்கூரிலோ பால் வெட்டியவரும் தொழிலாளரே என்ற நினைவு அந்த விவாதத்தில் அக்கட்சிக்கு வராமல் போனதை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

விடுதலைக்குப் பின் துங்குவின் அரசாங்கம் பீக்கிங்கை அங்கீகரிக்கவில்லை. கம்யூனிஸ எதிர்ப்பில் அது எள்ளளவும் தளரவில்லை. ஆயினும் ரப்பரைச் சீனாவுக்கு விற்றது. 1971 மே மாதம் மலேசிய அரசாங்க வணிக நிறுவனமான பெர்னாஸின் வணிகக்குழு தெங்கு ரசாலி தலைமையில் பீக்கிங் சென்று நேரடி விற்பனையைப் பேசியது. 1974 மே 31ஆம் நாள் மலேசியப் பிரதமர் துன் அப்துல் ரசாக் அங்கே தூதரக உறவுக்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது, மலாயாவின் ரப்பர் பொதிகள் சீனத் துறைமுகங்களில் மீண்டும் இறங்கத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.